முட்புதர் ராஜா

நான்காம் வகுப்பு படிக்கும்போது எங்கள் மாதா கோயில் திருவிழா நாடகத்தில் எனக்குக் கிடைத்தது முட்புதர் வேஷம். நினைத்தால் இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. மாமா மகளுக்கு அத்திமரம். அவளுக்குப் பச்சைக் காகிதப் பாவாடை, காதோரம் பிளாஸ்டிக் இலைகள். எனக்குச் சாக்கு.

நாடகத்தை எழுதியது மாமா, அம்மாவின் தம்பி. கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். பழைய ஏற்பாட்டில் யோத்தாம் சொன்ன கதையை எடுத்திருந்தார். கூடப்பிறந்தவர்களைக் கொன்றுவிட்டு ஒருவன் இஸ்ரயேலில் ராஜாவாகிவிடுகிறான். தப்பித்த கடைசித் தம்பி யோத்தாம் மலைமேல் நின்று, அவனுக்கு முடிசூட்டிய ஜனங்களைப் பார்த்துக் கதை சொல்கிறான். மரங்கள் எல்லாம் தங்களுக்கு ஒரு ராஜா தேடின. ஒலிவமரம் மாட்டேன் என்றது. அத்திமரமும் திராட்சைக்கொடியும் மாட்டேன் என்றன. கடைசியில் முட்புதர்தான் சரி என்றது.

"நல்ல ராஜா எப்படி இருக்கணும்னு தீர்க்கதரிசிங்க கத்திக்கிட்டேதான் இருந்தாங்க. யாரு கேட்டா?" என்று ஒத்திகைக்கு ஒத்திகை மாமா அலுத்துக்கொள்வார்.

அந்த வருஷம்தான் அப்பா உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராகியிருந்தார். முதலில் மாமாவைத்தான் கேட்டார்கள். கோயில் வேலை இருக்கிறது என்றார். வாத்தியாரைக் கேட்டார்கள். ஸ்கூல் இருக்கிறது என்றார். அப்பா தானாகவே கை தூக்கினார். பாத்தியில் வேலை செய்யும் பெண்கள் வெயிலுக்கு ஒதுங்க ஒரு கொட்டகை போட வைப்பதாக வாக்கும் கொடுத்தார். கொட்டகை வந்தபாடில்லை.

நாடகத்தன்று மாமா மரக்காணத்து உப்பளக் கரையிலிருந்து வேலிகாத்தான் கிளைகளை வெட்டி வந்து என் சாக்கின்மேல் கட்டினார். "முள்ளயெல்லாம் சீவிட்டேன்க்கா" என்று அம்மாவிடம் சொன்னார். சீவியது பாதிதான்.

மேடையில் என் முறை வந்தது. "என்னை ராஜாவாக்குறதுன்னா, எல்லாரும் வந்து என் நிழல்ல ஒதுங்குங்க!" என்றேன்.

"கொட்டா எங்கய்யா?" என்று பின்னாலிருந்து யாரோ குரல் விட்டார். கூட்டமே சிரித்தது. இரண்டாவது வரிசையிலிருந்த அப்பாவை எட்டி எட்டிப் பார்த்தார்கள். என் நடிப்பு அவ்வளவு பிரமாதம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வசனத்தை இன்னொரு தரம், இன்னும் சத்தமாகச் சொன்னேன். மறுபடி சிரிப்பு. மூன்றாம் தரமும் சொல்லியிருப்பேன், அத்திமரம் கிள்ளிவிட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா மட்டும் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடைக்குப் பின்னால் அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டார். "நீ ஒதுங்கிக்கினதாலதான அவரு நின்னாரு? எம்பொண்ண வச்சே அவர அசிங்கப்படுத்துறியா?"

"வேதத்துல இருக்கறதுதான்க்கா. நானா எதுவும் சேக்கல" என்றார் மாமா.

என் கை முழுக்கக் கீறல். முள்ளுக்காகத்தான் சண்டை என்று நினைத்து, "வலிக்கலமா" என்றேன். அம்மா என்னை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டில் அப்பா என்னை டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார வைத்து, ஊக்கால் முள் எடுத்தார்.

"அந்த அத்திமரம் ஏன் மாட்டேன்னுச்சு?"

"பழம் குடுக்கற வேல இருக்குதாம்."

"ஒலிவமரம்?"

"அதுக்கு எண்ணெய் குடுக்கணுமாம்."

"எல்லாருக்கும் வேல இருக்குது" என்றார். "அப்ப யாருதான் நிக்கறது?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. மரங்களைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கிறவர், நான் எப்படி நடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ ஏம்பா கைதட்டல?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எடுக்க இனி முள் ஒன்றும் இல்லை. நான் கையை உருவிக்கொண்டு போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுவாரம் அவர் தலைவர் பதவியை விட்டுவிட்டார். அதன்பிறகு சாயங்காலங்களில் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுவார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படி வருகிறார் என்று நினைத்தேன். கொஞ்சநாள் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, பிறகு போனால் போகிறதென்று அவரை மன்னித்துவிட்டேன்.