அவுரிஸ்தேலா அடித்த மணி

அந்தி சாய்ந்தால் அவுரிஸ்தேலா மணி அடிப்பாள். கோயில் மணி அல்ல, குதிரையின் கழுத்து மணி. கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு மலையேறுகிற எங்கள் ஆட்கள், கூட்டத்துக்கு முன்னால் மணி கட்டிய ஒரு பெட்டைக் குதிரையை நடத்துவார்கள். அந்தச் சத்தம் போகிற வழியில் கழுதைகள் போகும். மூடுபனியில் வழி தவறிய மனிதனும் போவான். அவுரிஸ்தேலாவின் வாசலில் குதிரையும் இல்லை, கழுதையும் இல்லை. கால்வாய்ப் பாலத்தை ஒட்டி ஒரு வீடு, வாசல் ஆணியில் ஒரு மணி, அதை அடிக்க ஒருத்தி. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தால் விடுமா?

அவள் கணவன் பெலார்மினோ, கோடை மேய்ச்சலுக்குப் போய் மேலேயே தங்கிவிட்ட ஆடுகளை இறக்கிவரப் புறப்பட்ட காலையில், மலை முழுக்கப் புதுப்பனி. அப்படிப்பட்ட நாளில் எங்கள் ஆட்கள் மணியைக் கழற்றிவிடுவார்கள். சத்தத்துக்குப் பனி சரியும் என்பது நம்பிக்கை. சரியோ தப்போ, அப்பன் செய்தான், மகனும் செய்தான். பெலார்மினோ மணியை அவிழ்த்து வாசல் ஆணியில் மாட்டினான்.

"பனி தூங்குது. எழுப்பக் கூடாது," என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

பனி உருகிய பிறகு போய்ப் பார்த்தார்கள். குதிரை ஒரு பக்கம், கழுதைகள் திசைக்கொன்றாய்ச் செத்துக் கிடந்தன. மணி இல்லாததால் மூடுபனியில் ஒன்றையொன்று தொலைத்திருக்கின்றன. அவன் மட்டும் கிடைக்கவேயில்லை.

அகாலமாய்ச் செத்தவர்களுக்கு, உயிர் போன இடத்திலேயே முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி வீடு கட்டி மெழுகுவத்தி ஏற்றுவது எங்கள் வழக்கம். உட்கார இடம் கொடுத்தால்தான் ஆவி அலையாது. மலைக் கணவாயில் ஒன்று கட்டிவிடலாம் என்று மகள் எர்சிலியா சொன்னபோது அவுரிஸ்தேலா சண்டைக்கே வந்துவிட்டாள்.

"வர்ற மனுசனுக்கு அங்க எதுக்குடி வீடு? இங்க இருக்கு அவர் வீடு. வழிதான் தெரியல. சத்தம் கேட்டா வந்துருவார்."

அன்று பிடித்த மணி. வருடங்கள் ஓடின. எர்சிலியா கடற்கரைப் பக்கத்து ஓஸ்வால்தோவைக் கட்டிக்கொண்டு ஆற்றோரத் தாழ்நிலத்தில் குடியேறினாள். அவன் மாமனாரைக் கண்ணால் கண்டதில்லை. பெலார்மினோ படமெடுத்துக்கொள்கிற ஆளும் இல்லை. ஓஸ்வால்தோவுக்கு வாய் சும்மா இருக்காது. "அத்தை, கழுதை வந்துருச்சு, மணியை நிறுத்துங்க," என்றபடிதான் உள்ளே நுழைவான். அவளுக்கும் சிரிப்பு வரும். மணி மட்டும் நிற்காது.

போன குளிர்காலத்தில் மலையில் ஆளை மூடுகிற அளவுக்குப் பனி விழுந்தது. அதோடு விட்டிருந்தால் பிழைத்தோம். பனியின்மேல் வெதுவெதுப்பாய் மழை பெய்ததுதான் வினை. இரண்டும் சேர்ந்து சேறும் மரமுமாய் ஆற்றில் இறங்கின. மத்தியானத்திலேயே பொழுது அடைந்தாற்போல் இருட்டியது. மின்சாரம் போயிற்று. வயல், சாலை, கால்வாய் எல்லாம் ஒரே தண்ணீர்.

ஆற்றைவிடக் கால்வாய்தான் எமன். முழங்கால் ஆழம் போலத் தெரியும். கால் வைத்தால் ஆள் இருக்க மாட்டான். தாழ்நிலத்திலிருந்து மேட்டுக்கு வர இருக்கிற ஒரே வழி அந்தப் பாலம், அதுவும் தண்ணீருக்குள். எர்சிலியாவோ நிறைமாதக்காரி.

மழைக்குப் பூசணி அப்பம் பொரித்துக்கொண்டிருந்த அவுரிஸ்தேலா, சட்டியை அப்படியே போட்டுவிட்டு மணியை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போனாள். எதிரே எதுவும் தெரியவில்லை. அடித்தாள். தோள்பட்டை விட்டுப்போகிற வரைக்கும் அடித்தாள். கணவனை நினைக்காமல் அவள் அந்த மணியை அடித்தது அன்றுதான்.

கடைசியில் மூடுபனிக்குள்ளிருந்து ஓஸ்வால்தோ வந்தான். அவன் முதுகில் முகத்தைப் புதைத்து, இடுப்புவாரைப் பற்றிக்கொண்டு எர்சிலியா வந்தாள். இருவரையும் அடுப்படியில் உட்காரவைத்துக் கம்பளியைப் போர்த்தினாள் அவுரிஸ்தேலா. ஓஸ்வால்தோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பெரியவர் எங்க அத்தை? உள்ள வரலையா?"

எந்தப் பெரியவர் என்று கேட்டாள். தங்களுக்கு முன்னால் ஒருவர் கோலால் தண்ணீரைக் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தாராம். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இவனுக்குப் பிடிபடவில்லை, அவருக்குப் பிடிபட்டதாம். எர்சிலியா யாரையும் பார்க்கவில்லை என்றாள்.

"மழை இந்த ஊத்து ஊத்துது, அவர் தோள்ல கிடந்த பனி கரையவே இல்ல அத்தை." அவன் முகத்தில் கேலி இல்லை.

அவுரிஸ்தேலா அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஏதாச்சும் பேசினாரா?"

சொல்லலாமா வேண்டாமா என்று ஓஸ்வால்தோ தயங்கினான். "ஒண்ணே ஒண்ணு கேட்டார். 'இந்த மணி எப்பத்தான் நிக்கும் தம்பி? நடந்து நடந்து கால் ஓய்ஞ்சுபோச்சு'ன்னார்."

அடுப்பில் எண்ணெய் கருகியது. இத்தனை வருடமும் அந்தி தவறாமல் கணவனை எழுப்பி நடக்கவிட்டது தன் கைதான் என்று அவளுக்கு அப்போது உறைத்தது. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் காணாமல் போனதற்குக்கூட அவள் அப்படி அழுததில்லை.

வெள்ளம் வடிந்ததும் பாலத்தடியில் ஓஸ்வால்தோ குட்டி வீட்டைக் கட்டினான், வெள்ளத்தில் வந்த தகரத்தை வைத்தே. செத்த இடம் இதுவல்லவே என்று சிலர் இழுத்தார்கள். நடந்து முடித்த இடம் இது என்று அவுரிஸ்தேலா அவர்கள் வாயை அடைத்தாள்.

மணியின் நாக்கைக் கழற்றி, உள்ளே ஆட்டு ரோமம் திணித்து, அதை அந்த வீட்டுக்குள் வைத்தாள். அந்தியானால் அவள் கை இன்னமும் வாசல் ஆணிக்குப் போகிறது. வெறும் ஆணியைத் தொட்டதும், மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போகிறாள்.

"தூங்குங்க," என்கிறாள். "இனி எழுப்ப மாட்டேன்."