ஆர்லின் பிழைக்க வைத்த கொயோட்டி

பெல்வா அக்கா பிக்கி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நீல மக்காச்சோள மாவுக் கரைசலில் விரல்களை முக்கி, கொதிக்கும் கல்லின்மேல் ஒரே இழுப்பு. காகிதம்போல் எழும்பி வருவதை நான் உரித்துச் சுருட்டிக் கூடையில் அடுக்கினேன். ஜூலைச் சடங்கு ஆட்டத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அப்போதுதான் ஆர்லின் வந்து நின்றான். எங்கள் அண்ணன் மகன். நாற்பத்தாறு வயது. அவன் வாழ்க்கையைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. பதினெட்டில் எங்கள் பழங்குடி ஊர் இருக்கும் மேட்டை விட்டு இறங்கி பீனிக்ஸ் நகரில் டயர் விற்றான். பிறகு ஒரு விடுதியில், கழுத்து நிறைய நீலக்கல் மாலையோடு, சுற்றுலாக்காரர்களுக்கு எங்களைப் பற்றி விளக்கினான். அவன் அம்மா வழி நிலத்தில் இவன் பங்குக்கு முள்செடிதான் விளைகிறது.

சின்ன வயதில் குளிர்காலக் கதைக்கு உட்கார்ந்தால் இரண்டாவது கதையிலேயே வாயைப் பிளந்து தூங்கிவிடுவான். கதை சொல்பவர் "அலிக்சாயி" என்று எடுத்ததும் கேட்பவர்கள் "ஓ" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் ஓய்ந்தால் கதை அதோடு நிற்கும். இவனைக் கிள்ளிக் கிள்ளி "ஓ" போட வைத்தே என் நகம் தேய்ந்தது. அந்த ஆர்லின்தான் இப்போது குழந்தைகளுக்கு எங்கள் கதைகளைத் திருப்பிச் சொல்கிறானாம், வண்ணப் படங்களோடு.

"அத்தே, ஒரே ஒரு கையெழுத்து," என்று அக்காவிடம் ஒரு தாளை நீட்டினான். "இதெல்லாம் நீ சொல்லக் கேட்டதுன்னு. ஊர்ல ஒருத்தர் பேரு இல்லாம அச்சடிக்க மாட்டேங்குறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பலேன்னா புத்தகமே இல்ல. மூணு வருஷ உழைப்பு, அத்தே."

"உழைப்பா? மூணு நாள் களை புடுங்கச் சொன்னா முதுகு புடிச்சுக்கும் உனக்கு," என்றேன். எங்கள் ஊரில் அண்ணன் மகனைக் கேலி செய்வது அத்தைகளின் உரிமை. ஆனால் அன்று நான் சொன்னது கேலி இல்லை.

அக்கா கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குழியில வெந்த கொயோட்டி கதைய என்ன பண்ணி வச்சிருக்க?"

சோளக்கதிர் சுடும் குழிக்குள் திருடித் தின்ன இறங்கிய, எங்கள் பக்கத்துக் குள்ளநரியான கொயோட்டியைத் தெரியாமல் ஊரார் மூடிவிடுவார்கள். காலையில் திறந்தால் கதிரோடு அதுவும் வெந்து கிடக்கும். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும் இடம் அதுதான்.

ஆர்லினின் முகம் மலர்ந்தது. "அதுதான் அட்டைப்படமே! கொயோட்டி எட்டிப் பாத்து மன்னிப்புக் கேக்குது. எல்லாரும் ஆளுக்கொரு கதிர் குடுக்குறாங்க. செத்துப்போச்சுன்னா குழந்தைங்க பயப்படும்ல?"

"வேகலையா?"

"வேகல, அத்தே."

"திருடித் தின்னுட்டு, மால போட்டுக்கிட்டுக் கெளம்பிடுச்சு," என்றாள் அக்கா. "உன்ன மாதிரியே."

நான் சிரித்துவிட்டேன். அவன் காது சிவந்தது.

"ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லு. படிக்கிறேன்."

"கோடையிலயா? கோடையில கத சொன்னா பாம்பு வரும்னு பால்குடிப் புள்ளைக்கும் தெரியும்டா. டிசம்பர்ல வா."

"டிசம்பர்ல அது கடையில இருக்கணும்!"

அக்கா மறுபடி கரைசலில் விரல்களை முக்கினாள். அவன் தொண்டையைச் செருமினான். விடுதியில் பேசிப் பழகிய அதே குரலில், "அலிக்சாயி," என்றான்.

கல் சீறியது. "ஓ" என்ற ஒரே ஓர் எழுத்துதான். அதைச் சொன்னால் போதும், கேட்டவர்களாகிவிடுவோம். பிறகு கையெழுத்துப் போடாமல் எங்கே போவது?

"அலிக்சாயி," என்றான் மறுபடி. இந்த முறை குரல் சின்னதாக இருந்தது. என் வாய் லேசாகத் திறந்துகொண்டது. அக்கா அடுத்த பிக்கியைச் சுடச்சுட என் கைமேல் போட்டாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவன் மாவுக் கிண்ணத்தருகே வைத்திருந்த தாளை எடுத்து நான்காக மடித்தான். தாழ்ந்த வாசலில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.