அச்சில் வராத வரிகள்

அவளுக்கு நயமாகப் பேசத் தெரியாது. துணியில் கத்தரி வைக்கிற மாதிரி நறுக்கென்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். தையற்கடைக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஊசியக்கா. எழுத்தாளரான அண்ணன் இறந்தபின், அவர் இவளுக்கு எழுதிய கடிதங்களைப் பதிப்பாளர் கேட்டு வாங்கிப் புத்தகமாகப் போட்டார். தெருவே மூக்கில் விரல் வைத்தது. இந்தச் சிடுமூஞ்சிக்கா இத்தனை கடிதம்!

அவளோ புத்தகம் கைக்கு வந்ததும் அதை அம்மா கண்ணில் படாமல் துணிக் குவியலுக்கு அடியில் செருகினாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வெளியூரிலிருந்து அண்ணன் கடிதம் வரும்போதெல்லாம் இவள்தான் உரக்கப் படித்துக் காட்டினாள். அந்த மகானுபாவர் மழையைப் பற்றி எழுதுவார், தன் முதுகுவலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார். பெற்றவளைப் பற்றி ஒரு வரி? மூச்! எதிரே வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் அம்மாவைக் கண்டால் இவளுக்கு மனசு கேட்காது. நாலு வரி சேர்த்துப் படித்துவிடுவாள். அண்ணன் சாகும்வரை அப்படித்தான் நடந்தது. கடிதக் கட்டைத் தூக்கிப் பதிப்பாளரிடம் கொடுத்த அன்று இந்த நினைப்பே வரவில்லை. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

மாடிவீட்டு டீச்சர் ஆசையாகப் புத்தகத்தோடு வந்து, தானே அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினார். தடுக்க இவளுக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. டீச்சர் படியேறிப் போனதும் அம்மா கேட்டாள்.

"என்னைப் பத்தி அவன் எழுதினதெல்லாம் எங்கடி?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் கிழவி இன்னொரு தடவை பிள்ளையைப் பறிகொடுப்பாள்.

"பக்கம் பத்தலைன்னு எடுத்துட்டாங்கம்மா."

"அட பாவிங்களா! அவன் உசிரே அதுலதானே இருந்துச்சு! உனக்கு ஞாபகம் இருக்குமே, சொல்லேன்."

இவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, நீ ராத்திரி இருமுற சத்தம் என் காதுலயே இருக்கு. நீ தூங்கினாத்தான் எனக்குத் தூக்கம் வருது. நீ இல்லாத வீட்டை என்னால நெனைச்சுப் பார்க்க முடியலை."

சொல்லி முடித்ததும் சட்டையை மறுபடி மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெத்த வயிறு குளுந்து போச்சு. நீயுந்தான் பக்கத்துலயே கெடக்கிறே. என்னைக்காவது உன் வாயில இப்படி ஒரு வார்த்தை வந்திருக்கா?"

"எனக்கு வராதும்மா" என்றாள் அவள்.