அத்தை வாயில் வந்த பேர்

பஞ்சவர்ணம் என்று முழுசாகக் கூப்பிட்டால்தான் அவள் திரும்புவாள். பஞ்சு என்றால் காதே கேட்காது. வர்ணம்மா என்றாலும் அப்படித்தான். இது தெரியாமல் அவளிடம் மூக்கறுபட்டவர்கள் மைசூரில் நிறைய உண்டு. முதல் ஆள் ஊதுபத்தி கம்பெனி சூப்பர்வைசர் சிவகுமார்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்திலிருந்து அவள் மைசூருக்கு வந்த புதிது. புருஷன் அய்யாசாமிக்கு லக்கேஜ் ஆட்டோ ஓட்டும் வேலை. அவள் ஊதுபத்தியை டப்பாவில் போட்டு அடுக்கும் வேலைக்குப் போனாள். கூட இருந்த கெம்பம்மாவையும் பசம்மாவையும் பேர் சொல்லிக் கூப்பிடுவான் சிவகுமார். இவளை மட்டும், "ஏ தமிளு, டப்பா தா!" என்பான். அந்த வரிசையில் தமிழ் பேசுகிறவள் இவள் ஒருத்திதான். அதனால் அதையே பேராக்கிவிட்டான்.

நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் அவன் கத்துகிறான், கத்துகிறான், இவள் குனிந்த தலை நிமிராமல் அடுக்கிக்கொண்டே இருக்கிறாள். டப்பா மலைபோல் குவிந்துவிட்டது. அவன் பக்கத்தில் வந்து, "என்ன, காது போச்சா?" என்றான் கன்னடத்தில்.

இவளும் பாதிக் கன்னடம் பாதித் தமிழில் சொன்னாள். "காது நல்லாத்தான் இருக்குது. தமிழு எம்பாஷை. எம்பேரு பஞ்சவர்ணம்."

"அவ்வளவு நீளமா? அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள வண்டி கெளம்பிடும்."

"உங்களை நான் சிவான்னா கூப்பிடறேன்? சிவகுமார் சார்னு முழுசாத்தானே சொல்றேன்? எனக்கு மட்டும் வாய் வலிக்காதா?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியே போ என்றான்.

"பேரைச் சொல்லிப் போகச் சொல்லுங்க, போறேன்" என்றாள்.

வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அவன் என்ன செய்வான்? "பஞ்சவர்ணம், வெளியே போ!" என்று கத்தினான். அவள் சத்தமில்லாமல் எழுந்து, சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். சிவகுமார் கொஞ்ச நேரம் முறைத்தான். அப்புறம், "பஞ்சவர்ணம், டப்பா" என்றான். எடுத்துக் கொடுத்தாள். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனிக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறான் அவன்.

அவளுக்குக் குழந்தை இல்லை. அதை நினைத்து யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம், அவளுக்கு அது பிடிக்காது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பி சுரேந்தரை மைசூருக்குக் கூட்டி வந்து, ஐ.டி.ஐ. படிக்க வைத்து, வேலைக்குப் போகிற வரைக்கும் சோறு போட்டாள். அதைச் சொல்லிக் காட்டியதும் கிடையாது. சுரேந்தர் கல்யாணம் செய்துகொண்டது மைசூரில் அக்ரஹாரம் என்கிற பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணை. பேர் அனுப்ரியா. வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், போனில் இங்கிலீஷ். நல்ல பெண்தான். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

இவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையைத் தொட்டிலில் போடுகிற அன்று, அப்பனோடு பிறந்தவள் குனிந்து குழந்தை காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். அத்தை சொன்ன பிறகுதான் அது பேர். அதுவரை பாப்பாதான். பஞ்சவர்ணம் யாரிடமும் எதற்கும் கை நீட்டாதவள். ஆனால் இந்த ஒன்று தனக்கென்று வரும் என்று தம்பிக்கு மீசை முளைத்த நாளிலிருந்தே காத்திருந்தாள். அவனுக்கும் இவளை விட்டால் கூடப் பிறந்தவள் வேறு கிடையாது.

தொட்டில் போடுகிற வாரம் திங்கட்கிழமை சுரேந்தர் வந்து பேரைச் சொன்னான்.

"ஹ்ருஷ்விகா."

"என்னது?"

"ஹ்ருஷ்விகா, அக்கா. நியூமராலஜி பாத்து வச்சது. இங்கிலீஷ்ல எழுதினா கடைசில ரெண்டு ஏ வரும்."

"ரெண்டு ஏ வரட்டும், நாலு ஏ வரட்டும். எனக்கு ஏன்டா இருமல் வர்றாப்புல இருக்குது?"

அய்யாசாமி கட்டிலில் உட்கார்ந்து சிரித்தான். சுரேந்தருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். பஞ்சவர்ணம் சொல்லிப் பார்த்தாள். உருசுவிகா என்று வந்தது. மறுபடி சொன்னாள். ருசிக்கா என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கிறார்கள்.

அதன்பிறகு அவள் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் சிரிக்கத் தோன்றாது. அனுப்ரியாவின் தங்கை ரூபா அந்தப் பேரைப் போனில் பேசி அனுப்பியிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் பஞ்சவர்ணம் அதைப் போட்டுக் கேட்பாள், கூடவே சொல்வாள். கெம்பம்மாவும் பசம்மாவும் சேர்ந்து சொல்வார்கள். அவர்கள் வாயில் எப்படியோ வந்துவிட்டது. இவள் வாயில்தான் முதல் எழுத்தே நிற்காமல் ஓடியது. சாயங்காலம் அய்யாசாமி டி.வி.எஸ்.சில் கூட்டிக்கொண்டு வரும்போது பின்னால் உட்கார்ந்து அதையே ஜபித்துக்கொண்டு வருவாள்.

"ஏம்புள்ள, எங்காதுல எதுக்கு ஊதறே? மாடிப்படி ஏறி வந்தவ கணக்கா மூச்சு வாங்கறியே."

"ஊதலீங்க. பேரு சொல்றேன்."

"அதுக்கு இதெல்லாம் வேண்டாம். செல்லம்மான்னு சொல்லிப்போட்டு வா. எவனாச்சும் கேட்டா ஹ்ரூன்னு முன்னால ஒரு தும்மு தும்மிக்கோ."

"அவிங்க வச்ச பேரைத்தான் நான் சொல்லோணும். நானா ஒண்ணு சொன்னா அது பேரா?"

அவள் அப்படித்தான். பேரை மாற்றிச் சொல்லலாம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. நாக்குதான் துரோகம் செய்தது.

வியாழக்கிழமை குழந்தையைப் பார்க்க அக்ரஹாரத்துக்குப் போனாள். அனுப்ரியாவின் அம்மா லீலா காப்பி கொடுத்துவிட்டு, மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"பஞ்சவர்ணம், தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு எல்லாரும் வருவாங்க, அனுவோட ஆபீஸ்காரங்க கூட. ரூபா பேரைச் சொல்லிடட்டும். நீங்க தொட்டிலை ஆட்டினாப் போதும்."

"ரூபா சித்தி. நானு அத்தை."

"அது தெரியாதா எனக்கு? சரி, ஒண்ணு பண்ணலாம். ரூபா சொன்னது போன்ல இருக்கு அல்லவா? நீங்களே போனைப் பாப்பா காதுகிட்ட புடிங்க. உங்க கைதானே? அத்தை சொன்ன மாதிரியும் ஆச்சு."

"நான் என்ன போன் மாட்டற ஸ்டாண்டா?"

லீலாவுக்கு முகம் சுருங்கியது. சுரேந்தர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். மாமியார் வீட்டில் நிற்கிற ஆம்பளை வேறு எங்கே பார்ப்பான். அனுப்ரியாதான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நேராகக் கேட்டாள்.

"அண்ணி, கம்பெனில உங்க பேரை முழுசாச் சொல்லணும்னு சண்டை போட்டீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க பேருக்கு ஒரு நியாயம், எம்பொண்ணு பேருக்கு ஒரு நியாயமா? யாரோ ஒருத்தர் வாய்ல வரலேன்னு அவ பேரு மொதல் நாளே உடையணுமா?"

பஞ்சவர்ணம் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் வாழ்க்கையில் பதில் இல்லாமல் எழுந்து வந்த இடம் அது ஒன்றுதான். காப்பி பாதி டம்ளரில் அப்படியே இருந்தது.

அய்யாசாமி டி.வி.எஸ்.சில் கூட்டி வந்தான். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது அவளே சொன்னாள்.

"அந்தப்புள்ள கேட்டது ஞாயந்தானுங்களே."

"அப்ப விட்டுப்போடறியா?"

"எதை?"

"பேரு சொல்றதை."

கையை உதறிவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அது ஞாயம். இது எம்பாத்தியதை. ரெண்டுக்கும் நடுவுல வழி எங்கேன்னு ரோசனை பண்றேன். நீங்க சித்த பேசாம இருங்க."

வெள்ளியும் சனியும் கம்பெனியில் தலை நிமிராமல் டப்பா அடுக்கினாள். சொல்லிப் பழகுவதை மட்டும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீலா வீட்டு மொட்டை மாடியில் ஷாமியானா போட்டிருந்தார்கள். தொட்டிலுக்குச் சாமந்தி கட்டியிருந்தது. பின்னால் பெரிய பலகையில் இங்கிலீஷில் குழந்தை பேர், கடைசியில் இரண்டு ஏ. பஞ்சவர்ணம் பச்சைப் பட்டுச்சேலை கட்டி, குழந்தைக்கு வெள்ளி அரைஞாணும் கொலுசும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். தொட்டில் பக்கத்தில் ரூபா நின்றாள். கையில் போன்.

பஞ்சவர்ணம் தட்டை வைத்தாள். அரைஞாணைக் கட்டினாள், கொலுசைப் போட்டாள். குழந்தையைத் தூக்கித் தொட்டிலில் போட்டாள். ரூபா ஒரு எட்டு முன்னால் வைத்தாள். பஞ்சவர்ணம் தொட்டில் கயிற்றை இடது கையில் பிடித்துக்கொண்டு, "நில்லு கண்ணு" என்றாள். அவ்வளவுதான். ரூபா நின்றுவிட்டாள்.

குனிந்தாள். ரகசியமாகச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. குழந்தை வந்து சொல்லப் போகிறதா? காதோடு காதாக முணுமுணுத்துவிட்டு நிமிர்ந்திருக்கலாம். அவள் அதைச் செய்யவில்லை. மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி, கம்பெனியில் டப்பா எண்ணுகிற குரலில் சொன்னாள்.

"உருஷ்விகா. உருஷ்விகா. உருஷ்விகா."

முன்னைக்கு எவ்வளவோ தேவலை. நடுவில் ஷ் வந்துவிட்டது. முதலெழுத்துதான் வரவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லீலா முன்னால் வந்தாள்.

"அய்யோ, அப்படியில்லைம்மா. பரவாயில்லை, ஆச்சு. ரூபா, நீ ஒரு தடவை சரியாச் சொல்லிடு."

பஞ்சவர்ணம் கயிற்றை விடவில்லை.

"அத்தை சொல்லியாச்சுங்க. இனி யாரும் சொல்ல வேண்டாம்."

"சும்மா பிடிவாதம் பண்ணாதீங்க. தப்பாச் சொல்லிட்டு..."

"தப்புதான். எனக்குத் தெரியாதா? ஒரு வாரமாச் சொல்லிச் சொல்லி நாக்கு புண்ணாப் போச்சு. இவ்வளவுதான் வருது." லீலாவைத் தாண்டி அனுப்ரியாவைப் பார்த்தாள். "அம்முணி, அன்னிக்கு நீ கேட்டதுக்கு எங்கிட்டப் பதில் இல்லை. இப்ப இருக்குது. எம்பேரை அந்த சூப்பர்வைசரு தப்பாச் சொன்னப்ப, திருத்தினது யாரு? எங்கம்மா வந்தாளா? எங்கப்பாரு வந்தாரா? நாந்தான் திருத்தினேன். எம்பேரு, நான் திருத்தினேன். இவ பேரை இவ திருத்தட்டும். வாய் வந்து, பேச்சு வந்து, எம்முன்னாடி நின்னு, 'அத்தே, எம்பேரு அப்படியில்லை'ன்னு இவ சொல்லட்டும். அன்னிக்குப் பல்லை உடைச்சாச்சும் சரியாச் சொல்றேன். அதுவரைக்கும் என்னைத் திருத்தறதுக்கு இங்க யாருக்கும் பாத்தியதை இல்லை. போனுக்கும் இல்லை."

அய்யாசாமி கடைசி நாற்காலியில், "அப்படிப் போடு புள்ள" என்றான், வாய்க்குள்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அனுப்ரியா எழுந்து வந்தாள். தொட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். இருவருக்கும் நடுவில் குழந்தை கொலுசுக் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"திருத்துவா அண்ணி. எம்பொண்ணு விடமாட்டா."

"விடக்கூடாது. விட்டா அவ எம்மருமகளே இல்லை."

அனுப்ரியா திரும்பி, "ரூபா, போனை உள்ள வை" என்றாள். பிறகு தொட்டிலின் இன்னொரு கயிற்றைப் பிடித்தாள். இரண்டு பேரும் ஆட்டினார்கள். லீலா சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்களைக் கவனிக்கப் போனாள். அவள் முகம் அன்று சாப்பாடு முடிகிற வரைக்கும் தெளியவில்லை. அதற்கு என்ன செய்ய முடியும்.

திங்கட்கிழமை பஞ்சவர்ணம் மைசூர்பாகு டப்பாவோடு கம்பெனிக்குப் போனாள். சிவகுமார் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தைக்கு என்ன பேர் என்று கேட்டான். சொன்னாள்.

"என்ன, ருசிகாவா?" என்று வாயருகே கொண்டு போனான்.

அவள் கையை நீட்டி அந்த மைசூர்பாகைப் பிடுங்கி மறுபடி டப்பாவில் வைத்தாள்.

"எனக்கு வந்த அளவுக்காச்சும் சொல்லுங்க. அப்பறம் தின்னுங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. சிவகுமார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.