வீட்டு லேத்தும் கம்பெனி லேத்தும்

எண்பதுகளின் கடைசியில் மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் இரும்பு கடையும் லேத் மிஷின் ஒன்று இருந்தது. இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம், அவ்வளவு சின்னது. என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டர்னர், அங்கேயும் லேத்தில்தான் வேலை. வாரமெல்லாம் இரும்பைக் கடைந்துவிட்டு, லீவு நாளிலும் ஒரு மனுஷன் அதையே பொழுதுபோக்காகச் செய்வானா? இவர் செய்தார். பித்தளையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு நீராவி எஞ்சின் செய்து, அதை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பழைய சாமான் கடையில் இந்த லேத்தைப் பார்த்ததும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி வந்துவிட்டார்.

வாங்கியதிலிருந்து அதைத் திட்டாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கம்பெனி லேத் இடத்தை விட்டு அசையாதாம், இரும்பை வாழைத்தண்டு மாதிரி சீவித் தள்ளுமாம். இதுவோ கொஞ்சம் ஆழமாக வெட்டினாலே உதறும், மோட்டாரோடு அதை இணைக்கும் பெல்ட் வழுக்கி, சுற்றுவது நின்றுவிடும். இரண்டாம் தாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து மூத்தவளின் பெருமை பேசுகிறாரே என்று கேலி செய்வேன். புது பெல்ட்டும் பெரிய மோட்டாரும் மாட்டினால் சரியாகிவிடும் என்று அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காபி கொண்டுபோனேன். லேத்தில் ஒரு இரும்புத் தண்டு சுற்றிக்கொண்டிருந்தது. டம்ளரை மேஜை ஓரத்தில் வைக்கக் குனிந்தபோது கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த முந்தானை சரிந்து தண்டின்மேல் விழுந்தது. தண்டு அதைச் சுற்றிக்கொண்டு கழுத்தோடு சேர்த்து என்னை இழுத்தது.

அவர் சுவிட்சை அணைக்கவில்லை. தரையை மிதித்தார். வலது காலால் ஓங்கி ஓங்கி மிதித்தார். கம்பெனி லேத்தில் கீழே ஒரு பிரேக் இருக்கும், காலால் அமுக்கினால் மிஷின் நின்றுவிடும். அத்தனை வருஷப் பழக்கத்தில் கால் அதைத்தான் தேடியிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த இடத்தில் வெறும் சிமென்ட் தரை. சுவிட்ச் எனக்குப் பின்னால் சுவரில் இருந்தது.

என் தாடை இரும்பில் படப்போகும் நேரத்தில் பெல்ட் வழுக்கியது. மோட்டார் உறுமிக்கொண்டே இருக்க, தண்டு நின்றது. ரப்பர் கருகும் நாற்றம் வந்த பிறகுதான் அவருக்குச் சுவிட்ச் ஞாபகம் வந்தது.

கத்தரிக்கோலால் புடவையை வெட்டி என்னை விடுவித்தார். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு, வேறொன்றுமில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பொம்மை மாதிரி ஒரு மிஷினை வாங்கி வைத்து ஆளைக் கொல்லப் பார்க்கிறாரே என்று கத்தினேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பொம்மையா கீறதாலதான் நின்னுச்சு மே. கம்பெனி மிஷினா இருந்தா நின்னுருக்காது. துணியா ஆளான்னு அதுக்குத் தெரியாது. இழுத்துகினே பூடும்."

கண்ணால் பார்த்த மாதிரி பேசுகிறாரே என்று கேட்டேன்.

கம்பெனியில் இவருக்குப் பக்கத்து லேத்தில் ஒருவர் வேலை பார்த்தார். வெள்ளானூர் பக்கம் குடியிருந்தார். எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார், என் மீன்குழம்புக்கு ரசிகர். முந்தின வருஷம் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கே போய்விட்டதாக இவர்தான் என்னிடம் சொன்னார். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாரே என்று எனக்கு மனத்தாங்கல்கூட இருந்தது.

"அவன் ஊருக்குப் போவல," என்றார். "சட்டைக் கை மாட்டிகிச்சு. நான் ஓடிப்போய் பிரேக்க மிதிக்கறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. உன்னாண்ட சொன்னா என்ன வேலைக்கு அனுப்புவியா?"

மறுநாள் காலை வழக்கம்போல் சைக்கிளை எடுத்தார். நானும் அனுப்பித்தான் வைத்தேன், வேறு என்ன செய்வது? சட்டைக் கையை முழங்கைக்கு மேல் நானே மடித்துவிட்டேன். அதன் பிறகு அவர் ரிடையர் ஆகும்வரை கம்பெனி லேத் பயம் என்னை விடவில்லை. ஓவர்டைம் இருந்தால், வர நேரமாகும் என்று கம்பெனி ஆள் யாரிடமாவது சொல்லியனுப்புவார். சொல்ல வந்த ஆள் வாயைத் திறப்பதற்கு முன், என்ன செய்தியோ என்று அந்த ஆளின் முகத்தைத்தான் பார்ப்பேன்.