விழும் துணிகளின் வேகம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு வேலை செய்யும் இடத்தில் ‘கயிறு’ என்று பெயர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஆளும் கயிறு மாதிரி ஒல்லி, நீளம். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கடிக்கத் தெரியாதுதான். ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி. அந்தப் பிடிவாதத்துக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அக்கா பஸ் டிக்கெட் முன்பதிவு கவுண்டரில் இருந்தவள். வரிசையில் நிற்பவர் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் விரல் அடித்து முடித்திருக்கும். அந்தக் கைகளைத்தான் நோய் முதலில் பிடித்தது. தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும், மருந்து கிடையாது, புத்திக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். என்ன கருணை பாருங்கள்! கால் போயிற்று, இடது கை போயிற்று, பேச்சு குழறியது. கடைசியில் வலது கையில் இரண்டு விரல்கள் மிஞ்சின.

“இந்த ரெண்டையும் விடமாட்டேன். ஏதாவது விளையாட்டுக் குடுங்க, ஆட்டிக்கிட்டே இருக்கேன்” என்றாள்.

கடையில் கிடைத்த விளையாட்டெல்லாம் கண்மண் தெரியாத வேகம். அத்தான் தானே ஒன்று எழுதுகிறேன் என்று பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரைக் கண்டால் ஒன்றுக்கு வருகிறது என்று ஓடிய மனுஷன் அவர்.

என்ன விளையாட்டு என்று சொன்னது அக்காதான். அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. வெளியே கட்டிய கொடியிலிருந்து துணி கீழே விழுந்துகொண்டே இருக்கும், அக்கா படியில் ஓடிக்கொண்டே இருப்பாள். அதனால் மேலேயிருந்து துணி விழ வேண்டும், கீழே ஒரு கூடை அதைப் பிடிக்க வேண்டும். மவுஸின் இரண்டு பொத்தானில் ஒரு விரலுக்கு இடம், ஒரு விரலுக்கு வலம்.

முதல் நாள் துணியெல்லாம் கீழேயிருந்து மேலே பறந்தது. திரையின் உச்சிதான் பூஜ்யம், கீழே போகப் போகத்தான் எண் கூடும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அது சரியானதும் கூடை திரையைவிட்டு வெளியே போய்த் திரும்பி வரவே இல்லை. “ஓரம் வந்தா நில்லுன்னு நாம சொன்னாத்தான் அது நிக்குமாம்” என்று அதிசயப்பட்டார். பிறகு காற்றில் துணி லேசாக ஆடட்டும் என்று ஒரு கணக்குப் போட்டார். கோணத்தை இவர் டிகிரியில் கொடுக்க, கம்ப்யூட்டர் அதை ரேடியன் என்ற ஐம்பத்தேழு மடங்கு பெரிய அளவாக எடுத்துக்கொள்ள, துண்டு மின்விசிறி மாதிரி சுற்றிற்று.

“என்னங்க, துண்டுக்குப் பேய் புடிச்சிருச்சா?” என்று அக்கா சிரித்தாள். சிரிப்பில் புரை ஏறி மூச்சுத் திணறி, நாங்கள் பயந்தே போனோம். அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

நாளாக ஆக அவளுக்குத் துணி தவற ஆரம்பித்தது. ஒருநாள் அத்தான் யாருக்கும் சொல்லாமல் கூடையைக் கொஞ்சம் அகலமாக்கிவிட்டார். அவளுக்கா தெரியாது? ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

“கூடை எப்ப குண்டாச்சு?”

அவர் திரையைத் துடைப்பது போல் பாசாங்கு செய்தார்.

“எனக்கு ஒளிஞ்சுக்கிட்டு இரக்கம் காட்டாதீங்க. இனிமே எனக்காக இதை லேசாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.” அவர் பண்ணினார். அவள் அதோடு விடவில்லை. “துணியைப் பிடிக்கிற வரைக்கும் டாக்டர் என்ன சொன்னாலும் கேக்கறேன். பிடிக்க முடியலைன்னா, தொண்டையில ஓட்டை போட்டு மிஷின்ல மாட்டி என்னைக் கிடத்தி வைக்கக் கூடாது.”

சளி நெஞ்சில் கட்டி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் நேராகவே கேட்டார்: தொண்டையில் குழாய் வைக்கலாமா, வேண்டாமா? சீக்கிரம் முடிவு சொல்ல வேண்டும். “விளையாடிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள் அக்கா. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

வார்டில் நோயாளிகளுக்கென்று ஒரு புது லேப்டாப் இருந்தது. அத்தான் விளையாட்டைப் பென்டிரைவில் கொண்டுவந்து அதில் போட்டார், திறக்கிறதா என்று மட்டும் பார்த்தார். அதற்குள் எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாக அழைப்பு வந்து ஓடினார். நான் பக்கத்தில் இருந்தேன். நான் அந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை. திரையை எங்கே பார்த்தேன், அவள் முகத்தைத்தானே பார்த்தேன்! ஒரு துணிகூட அவள் கூடையில் விழவில்லை.

“துணியெல்லாம் பறக்கிற மாதிரி தெரியுது, விரல் செத்துப்போச்சு. போதும். குழாய் வேண்டாம்னு சொல்லிரு” என்றாள்.

அத்தான் திரும்பி வந்ததும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் லேப்டாப்பை இழுத்துத் தானே ஆடினார். அவருக்கும் எல்லாம் தவறின.

“என் விரலுக்கு என்ன நோய் வந்துச்சு?” என்றார் என்னிடம்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. திரையில் படம் ஒவ்வொரு முறை வரையப்படும்போதும் துணி இத்தனை புள்ளி இறங்கட்டும் என்று எழுதி வைத்திருந்தார். வீட்டுக் கம்ப்யூட்டர் கிழம், மெதுவாக வரையும். இது புதுசு, இரண்டு மடங்கு வேகத்தில் வரைகிறது. துணியும் இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்திருக்கிறது. இறங்கும் அளவை, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே போன நேரத்தால் பெருக்கியிருந்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே வேகம். புதிதாக எழுதுகிற எவரும் விடுகிற தப்பாம். யார் விட்டால் என்ன, பாவி மனுஷா, இங்கே ஒரு உயிரல்லவா அதில் தொங்குகிறது!

அங்கேயே திருத்தினார். அக்காவின் கட்டில் பக்கம் குனிந்தார்.

“உன் விரல் மேல தப்பில்ல. என் கணக்குதான் தப்பு. இப்ப ஆடு.”

அக்கா திரையைப் பார்த்தாள். துணி மெல்ல விழுந்தது.

“லேசாக்கிட்டீங்க” என்றாள். “சத்தியம் பண்ணிட்டு லேசாக்கிட்டீங்க.” முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் எவ்வளவோ சொன்னார். படம், நேரம், பெருக்கல் என்று என்னென்னவோ சொன்னார். அவள் திரும்பவில்லை. அகலக் கூடையை ஒருமுறை பார்த்தவள் எப்படி நம்புவாள்?

மறுநாள் காலையில் பழைய கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வெளி மின்சாதனம் கூடாது என்று நர்ஸ் தடுத்தாள். “இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னா என்னைத்தாம்மா கூப்பிடுறீங்க, இது ஒண்ணும் வெடிக்காது” என்று கெஞ்சிக் கூத்தாடி, கட்டிலருகே மாட்டினார். கைவைக்காத பழைய ஆட்டம், பழைய கம்ப்யூட்டர்.

“இதுல நான் எதையும் தொடல. வீட்டுல ஆடினது இதுதான். பாத்துக்கோ.”

துணி விழுந்தது. நேற்று அவர் திருத்தியதில் விழுந்த அதே வேகம். அக்காவுக்குப் புரிந்துவிட்டது, அவள் கண்ணிலேயே தெரிந்தது. விரலால் மவுஸை அமுக்கினாள். கூடை நகர்ந்தது. துணி விழுந்த பிறகுதான் அங்கே போய்ச் சேர்ந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். வேகம் வீட்டில் இருந்த அதே வேகம்தான். விரல்தான் இந்தச் சளியோடு போய்விட்டிருந்தது.

அத்தானின் காதருகே போனேன். “வேகத்தைக் குறைங்க அத்தான். ஒரு எண்ணுதானே. உங்க கால்ல விழறேன்.”

விசைப்பலகை அவர் மடியில்தான் இருந்தது. இரண்டு கையையும் அதன் மேல் வைத்தபடி, ஒரு பொத்தானையும் அமுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க பொய் சொல்லல” என்றாள் அக்கா. குரலில் அப்படி ஒரு நிம்மதி. “நான்தான் சந்தேகப்பட்டுட்டேன். கோவிச்சுக்காதீங்க.” பிறகு என்னைப் பார்த்தாள். “டாக்டரைக் கூப்பிடு.”

குழாய் வைக்கவில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து, கொடியில் கிடந்த அவள் துணிகளை நானும் அத்தானும் எடுத்துக்கொண்டிருந்தோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பெரிய உண்மை விளம்பி!

“ஒரே ஒரு எண்ணை மாத்தியிருந்தா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாளே அத்தான்?”

“இருந்திருப்பாம்மா” என்றார். “எனக்குத் தெரியாதா? கை அந்த எண்ணு மேலதான் இருந்துச்சு.”

அவர் கையிலிருந்த அக்காவின் நைட்டி நழுவி, ஆடி ஆடிக் கீழே போயிற்று. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எடுத்துவரப் படியில் இறங்கி ஓடினேன்.