வெற்றிலை மாற்றிய வாக்கு

சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் நடத்திய ஆசிரியருக்கு ஒரு பெருமை உண்டு. இங்கிலீஷ்காரன் சட்டத்தில் வாக்குக்குப் பதிலாக ஏதாவது கைமாற வேண்டும். இலங்கையில் டச்சுக்காரன் விட்டுப்போன சட்டத்துக்கோ மனமறிந்து சொன்ன சொல்லே போதும் என்பார். நானும் அதை நம்பித் தலையாட்டியவன்தான்.

அந்த விடுமுறைக்கு மாத்தளை வந்தால் வீடு இழவு வீடு மாதிரிக் கிடந்தது. நாவுலயில் கடை வைத்திருந்த தாய்மாமன், தன் மகனுக்குக் கண்டியில் வேறு பெண் பேசி முடித்துவிட்டார். என் அக்காவுக்கும் அவனுக்கும் அம்மன் கோயிலில் ஊரைக் கூட்டி வெற்றிலை மாற்றியிருந்தோம். "எங்க வீட்டு மருமக வேலைக்குப் போக வேணாம்" என்று மாமா சொன்னதால், கிடைத்த ஆசிரியர் பயிற்சியை அக்கா விட்டிருந்தாள்.

அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. "கேஸ் போட முடியுமா தம்பி?" என்றார்.

முடியாது. கல்யாண வாக்கு மட்டும் எழுத்தில் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் நட்டஈடுகூடக் கேட்க முடியாது.

அம்மா என் மேல் பாய்ந்தாள். "கூடப் பொறந்தவன்கிட்ட எழுதிக் குடுன்னு கேப்பாங்களாடா? கேட்டிருந்தா அன்னைக்கே தட்டத் தூக்கிட்டுப் போயிருப்பான்!"

உண்மைதான். கேட்டால் உறவு போகும், கேட்காவிட்டால் வழக்கு போகும். இந்தச் சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரன் வெற்றிலைத் தட்டைக் கண்ணால் கண்டிருப்பானா? எரிச்சலாக வந்தது. பிறகு அதற்கும் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

மிளகு புடைத்துக்கொண்டிருந்த அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "எழுதி வாங்கியிருந்தா?"

"நட்டஈடு கெடைக்கும். அவனையே கட்டச் சொல்லி எந்தக் கோர்ட்டும் சொல்லாதுக்கா."

"அவன் யாருக்கு வேணும்? மாமா செஞ்சது அநியாயம்னு அவரு மொகத்துக்கு நேரா யாராச்சும் சொல்லணும். வெத்தல மாத்தினப்ப நின்ன ஊரு வாயத் தொறக்கல. கோர்ட்டாவது சொல்லுமா?"

"எழுத்து இல்லாம சொல்லாதுக்கா."

அவள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் மாமா கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே காப்பி போட்டாள். அதைக் கொண்டுபோய் வைத்த அக்கா நிமிர்ந்து நின்று, "நீங்க செஞ்சது அநியாயம் மாமா" என்றாள்.

அப்பா துள்ளி எழுந்தார். "பெரியவங்ககிட்டப் பேசுற பேச்சா இது? கால்ல விழு!"

அக்கா விழுந்தாள். அந்த விவகாரம் முழுவதிலும் மன்னிப்புக் கேட்டது அவள் ஒருத்திதான்.